மண்ணுக்கேற்ற விதை: திறந்த மூல இயங்குதளங்களின் வரலாறு



கோல சிலாங்கூர் வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தை என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டு 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று வழங்கிவரும் ஊரை ஒட்டித் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரில் தென்னை இருந்தாலும் அந்த மண்ணில் ஒரு காலத்தில் வைத்துப் பார்த்தது காப்பி. காப்பி கைகொடுக்கவில்லை. 1917ஆம் ஆண்டில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால், காப்பி இருந்த இடத்தில் செம்பனை நடப்பட்டது. மலாயாவில் வணிக முறையில் நடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. அதே மாவட்டத்தில் கடலோரம் போனால் தென்னை. உள்ளே வந்தால் ஒரு காலத்தில் எங்கும் பால்மரம். தஞ்சோங் காராங் பக்கம் திரும்பினால் நெல்வயல். பெய்வது ஒரே மழைதான். ஆயினும் பயிர் வேறு வேறு.

"பயிரிலே சிறந்தது எது?" என்று கேட்டால் விவசாயி சிரிப்பார். "இந்த மண்ணுக்கு, இந்தத் தண்ணீருக்கு, இத்தனை ஆள்பலத்துக்கு எது பொருந்தும்?" என்று கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்வார். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் அதே வகையைச் சேர்ந்ததுதான். கணினியை இயக்கும் திறந்த மூல இயங்குதளங்கள் பல இருக்கின்றன. அவற்றுள் எது யாருக்கு ஏற்றது? இதற்கு விடை காண, அவை எப்படிப் பிறந்தன, ஏன் இத்தனையாகப் பிரிந்தன என்ற வரலாற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் எழுகிறது என்று நேயர்கள் கேட்கலாம். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்துள்ள விண்டோஸ் 11, 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் அந்தச் சில்லு இல்லை. ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்று, பழுதாகாமலேயே பழையதாகிவிடுகிறது. பட்டணத்துப் பள்ளி புதிதாக வாங்கிக்கொள்ளும். 150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளியை நம் கல்வித்துறை குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்த வகையில் அடங்கும். அங்கே பத்துக் கணினியைத் தூக்கி எறிவது என்றால், பத்துப் பிள்ளைகளின் கையிலிருந்து கரும்பலகையைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

இயங்குதளம் என்றால் என்ன? காலைப் பெரட்டில் யார் எந்த நிரைக்குப் போவது, எந்தக் கருவி யார் கையில், எடை எங்கே பதிவது என்று மண்டோரும் கிராணியும் பிரித்துக் கொடுக்கிறார்கள் அல்லவா? அவர்கள் இல்லாவிட்டால் ஆள் இருந்தும் வேலை நடக்காது. அதுபோல், நினைவகம், வன்தட்டு, திரை, அச்சுப்பொறி ஆகிய எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வேலை வாங்குவது இயங்குதளம். எழுதும் செயலியும் படம் வரையும் செயலியும் அதன்மேல்தான் அமர்கின்றன.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கினர். அதை நடத்திய ஏ.டி. அண்டு டி. நிறுவனம், அக்காலத்துச் சட்டக் கட்டுப்பாட்டினால் கணினித் தொழிலில் இறங்க முடியாதிருந்தது. எனவே யூனிக்ஸின் மூலநிரல், அதாவது அது எழுதப்பட்ட வரிகள், குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது. மாணவர்கள் அதைப் பிரித்துப் படித்தார்கள், திருத்தினார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகம் 1978 முதல் தன் சொந்தப் பதிப்பையே வெளியிட்டது. 1984இல் அந்நிறுவனம் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டபோது பழைய கட்டுப்பாடு நீங்கியது. யூனிக்ஸ் விற்பனைச் சரக்காயிற்று. திறந்திருந்த கதவு மெல்ல மூடத் தொடங்கியது.

இந்தப் போக்கை எதிர்த்து எழுந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1983ஆம் ஆண்டு செப்டம்பரில், யூனிக்ஸ் போன்ற ஒன்றை யாவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ளதாகப் புதிதாக எழுதப்போவதாக அறிவித்தார். அந்தத் திட்டத்துக்கு குனூ என்று பெயர். 1989இல் அவர் வெளியிட்ட பொது உரிமம் ஒரு நுட்பமான நிபந்தனையைக் கொண்டது. "எடுத்துக்கொள், திருத்து, ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால், உனக்குக் கிடைத்த அதே உரிமையை அவர்களுக்கும் கொடு" என்பதே அதன் சாரம்.

விதையை வைத்து இதை விளக்கலாம். இன்று நம் தோட்டங்களில் உள்ள செம்பனை பெரும்பாலும் டெனெரா வகை. தடித்த ஓடுடைய டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் கலந்து பெற்றது அது. டெனெராவின் கீழே விழுந்த விதையைப் பொறுக்கி நட்டால் எல்லாம் டெனெராவாக முளைப்பதில்லை. ஏறக்குறைய பாதி வேறு வகையாகப் போய்விடும். அதனால் ஒவ்வொரு மறுநடவுக்கும் விதை நிலையத்தையே நாட வேண்டும். நெல் விவசாயியோ, தன் வயலில் நன்றாக விளைந்த நெல்லில் ஒரு பங்கை விதைநெல்லாக எடுத்துவைக்க முடியும். அண்டை வீட்டாருக்கும் கொடுக்க முடியும். மூடிய மென்பொருள் முதல் வகை. திறந்த மூல மென்பொருள் இரண்டாம் வகை. முதல் வகை கெட்டது என்பதன்று நம் கருத்து. யாரை நாம் நம்பியிருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதே.

குனூ திட்டத்தில் எல்லாம் வளர்ந்தது. ஆனால் கர்னல் எனப்படும் நடுக்கரு மட்டும் ஆயத்தமாகவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர் பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக அறிவித்தபோது அவருக்கு வயது 21. மறு ஆண்டே அதைக் குனூ உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். அதுவே லினக்ஸ்.

கருவைத் தனியே கொடுத்தால் சாதாரண மனிதருக்கு என்ன பயன்? மாவு மட்டும் கொடுத்துத் தோசை சாப்பிடச் சொன்னது போலாகும். எனவே கருவோடு தேவையான செயலிகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் பணி தொடங்கியது. அப்படிக் கட்டிக் கொடுப்பதை வழங்கல் என்கிறோம். 1993இல் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேர் வழங்கலை வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக், எந்த நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல் தொண்டர்களே நடத்தும் டெபியனைத் தொடங்கினார். அவர் காதலி டெப்ரா, தாம் இயன்: இரு பெயரும் சேர்ந்து டெபியன் ஆயிற்று. அடுத்த ஆண்டில் ரெட் ஹாட் வந்தது. அது வணிக நிறுவனங்களை நோக்கியது. பெர்க்கிலி மரபிலிருந்து 1993இல் பிறந்த ஃப்ரீ பி.எஸ்.டி. இன்னொரு கிளை.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். 1848ஆம் ஆண்டில் சாவகத்தின் போகோர் தாவரப் பூங்காவில் நான்கே நான்கு செம்பனைக் கன்றுகள் நடப்பட்டன. சுமத்திராவின் டெலி வட்டாரத்திலும் பின்னர் கோல சிலாங்கூரிலும் பரவிய டூரா மரங்கள் அந்த நான்கின் வழிவந்தவை. வேர் ஒன்று, வளர்ந்த இடம் பல. லினக்ஸ் வழங்கல்களும் அவ்வாறே. இன்று பெயர்பெற்ற பலவற்றைத் தோண்டிப் பார்த்தால் டெபியனோ ரெட் ஹாட்டோ அடியில் இருக்கும். ஆகவே பெயர்ப் பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. இது யாருக்காகக் கட்டப்பட்டது என்று ஒவ்வொன்றையும் கேட்டால் போதும்.

தொடக்க ஆண்டுகளில் லினக்ஸ் வல்லுநரின் கருவியாகவே இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். 1996இல் கே.டி.ஈ., 1997இல் குனோம் என்ற இரு திட்டங்கள் தொடங்கி, சுட்டியால் தட்டி வேலை செய்யும் திரையைக் கொடுத்தன. 1998இல் பிரான்சின் மாண்ட்ரேக், ரெட் ஹாட்டை அடிப்படையாகக் கொண்டு அதில் கே.டி.ஈ.யைச் சேர்த்து, புதியவருக்கும் எளிது என்று வந்தது. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளவுஸ் நாப்பர், வன்தட்டைத் தொடாமல் குறுவட்டிலிருந்தே ஓடும் நாப்பிக்ஸை வெளியிட்டார். வாங்குமுன் ருசி பார்க்கும் வழி அன்றுதான் பலருக்கும் எளிதாயிற்று.

2004ஆம் ஆண்டு அக்டோபரில் வந்தது உபுண்டு. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த், டெபியனை அடியாகக் கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்ற ஒழுங்கில் அதை வெளியிட்டார். கேட்டவர் வீட்டுக்கே குறுவட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பும் ஏற்பாடு 2011 வரை நடந்தது. இணைய வேகம் குறைந்திருந்த நாடுகளில் லினக்ஸ் பரவியதற்கு அந்த உறைகளும் ஒரு காரணம். உபுண்டுவிலிருந்து 2006இல் லினக்ஸ் மின்ட் பிரிந்தது. விண்டோஸில் பழகியவர் கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாத திரை அதற்கு. இன்னொரு பக்கம், 2003இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் பப்பி லினக்ஸை உருவாக்கினார். அது மிகச் சிறியது. நினைவகத்தில் ஏறி உட்கார்ந்து பழைய கணினியையும் ஓடவைக்கும்.

இவ்வளவு நேரம் மேற்கு நாடுகளைப் பேசினோம். தமிழ் எங்கே என்று நேயர்கள் கேட்பது நியாயம். கணினியில் தமிழ் என்றவுடன் நம் நாட்டு முத்து நெடுமாறனின் நினைவு வரும். 1985இல் அவர் தொடங்கிய முரசு, பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்தது. ஆனால் அக்காலத்தில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. ஒருவர் தட்டியதை இன்னொருவர் கணினி எழுத்துக் குப்பையாகக் காட்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்குப் பொது ஒழுங்கு ஏற்பட்டது. அதையே தமிழ்99 என்கிறோம். 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. 1991 முதலே தமிழுக்கு இடம் அளித்திருந்த யூனிகோடு, அதன்பின் படிப்படியாக எங்கும் நிலைபெற்றது.

இதே ஆண்டுகளில், உலகின் பல மூலைகளில் இருந்த தமிழ்த் தொண்டர்கள் இணையத்தின்வழி ஒன்றுகூடி, கே.டி.ஈ., குனோம் திரைகளைத் தமிழாக்கத் தொடங்கினர். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. திறந்த மூலத்தின் பெரும் பேறு இதுதான். ஒரு மொழி பேசுவோர் சந்தைக்குப் பெரிதா சிறிதா என்று எந்த நிறுவனமும் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. உழைக்க ஆள் இருந்தால் அந்த மொழி திரையில் வரும். 2004இல் ரெட் ஹாட் வெளியிட்ட லோகித் எழுத்துருக்களில் தமிழும் இருந்தது. அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: உழைக்க ஆள் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு பாதியில் நிற்கும். யாரையும் குறைசொல்ல முடியாது.

இனி அரசுகள் செய்த தேர்வுகளைப் பார்ப்போம். ஸ்பெயினின் எஸ்திரமதுரா ஏழ்மையான மாநிலம். 2002இல் அது டெபியனைத் தன் பள்ளிகளுக்கேற்ப மாற்றி லினெக்ஸ் என்று பெயரிட்டது. உரிமத்துக்குச் செலவாகும் பணத்தைக் கணினிகளுக்கும் பயிற்சிக்கும் திருப்பியது. நம் அண்டை நாடான தாய்லாந்து, 2003இல் மக்கள் கணினித் திட்டத்தில் தாய்மொழி லினக்ஸைச் சேர்த்து விற்றது. நம் நாட்டில் மாம்பு எனப்பட்ட நிர்வாக நவீனமய அமைப்பு 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறந்த மூலப் பெருந்திட்டத்தை வெளியிட்டது.

கேரளத்தின் அனுபவம் ஆசிரியர்களாகிய நமக்கு நேரான பாடம். அங்கே 2001இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், சில ஆண்டுகளில் முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு மலையாளத்தோடு கூடிய பள்ளி லினக்ஸ் ஒன்றைக் கட்டினார்கள். முக்கியமான செய்தி இதுவன்று. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு மூன்றும் அதே இயங்குதளத்தின்மேல் அமைக்கப்பட்டன. பயிற்றுவித்தவர்களும் ஆசிரியர்களே. அத்திட்டம் 2017 முதல் கைட் என்ற அரசு நிறுவனமாக இன்றும் நடக்கிறது. அதன் லினக்ஸ் இப்போது உபுண்டுவை அடியாகக் கொண்டது.

தமிழ்நாட்டில் சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் பாஸ் என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. அதுவும் டெபியன் வழி. எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், சுசே லினக்ஸுக்கு மாறியது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் இரண்டும் ஒரே கணினியில் வைத்துக் கொடுக்கப்பட்டன. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் எடுத்த முடிவின்படி ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி 2013இல் முடித்தது. ஆனால் 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்புவதென நகர்மன்றம் முடிவெடுத்தது.

இந்த வரலாறுகளை அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். கணினியில் எதை ஏற்றினார்கள் என்பதைவிட, அதைப் பயன்படுத்துவோரோடு யார் கூடவே நின்றார்கள் என்பதே நிலைத்திருப்பதைத் தீர்மானிக்கிறது. கேரளத்தில் ஆசிரியரே தூணாக நின்றார். அதிகாரியின் ஆணையை மட்டும் நம்பி நிற்கும் திட்டம், அதிகாரி மாறினால் ஆட்டம் காணும். மேலே ஆள் மாறினாலும் கீழே பழகிய கை இருந்தால் அது தாங்கும்.

நம் பிள்ளைகளும் லினக்ஸைத் தொடாதவர்கள் அல்லர். 2013 முதல் மலேசியப் பள்ளிகளுக்கு 1பெஸ்தாரிநெட் திட்டத்தின்வழி வந்த குரோம்புக் மடிக்கணினிகளின் கருவும் லினக்ஸே. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவும் அதுவே. உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் 2017ஆம் ஆண்டின் இறுதி முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அம்மாவின் கைப்பேசிக்கும் வானிலையைக் கணிக்கும் பெருங்கணினிக்கும் கரு ஒன்றே. மேலே கட்டிய வீடு வேறு. குரோம்புக் ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஆண்டுக்குத்தான் புதுப்பிப்பு என்று கெடு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

இனி யாருக்கு எது என்று பார்ப்போம்.

முதலாவது, பள்ளியின் கணினி அறை. இங்கே தேவை மூன்று: நீண்ட கால ஆதரவு, எல்லாக் கணினியிலும் ஒரே முகம், ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் அடுத்தவர் எடுத்து நடத்தும் எளிமை. நீண்ட கால ஆதரவுள்ள உபுண்டு பதிப்போ, அதன்வழி வந்த லினக்ஸ் மின்டோ இதற்குப் பொருந்தும். இவற்றுக்கு ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பு உண்டு. உபுண்டுவுக்கு 4 கிகாபைட் நினைவகம் இருந்தால் நல்லது. மின்ட் 2 கிகாபைட்டிலும் நகரும். கல்விக்கென்றே கட்டிய எடுபுண்டு என்ற ஒன்று 2005இல் தோன்றியது. இடையில் நின்றுபோய் 2023இல்தான் மீண்டும் வந்தது. பெயரில் கல்வி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இது சான்று. சிறுவருக்கான ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட் போன்ற செயலிகளை எந்த லினக்ஸிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, வீட்டில் உள்ள மிகப் பழைய கணினி. அண்ணன் படித்து முடித்துத் தம்பிக்கு வந்தது. நினைவகம் ஒன்று அல்லது இரண்டு கிகாபைட். இதற்கு லுபுண்டு, ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற இலகுவானவை தேவை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய கணினி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்று முதலில் பார்க்க வேண்டும். 32 பிட் வகையைப் பெரிய வழங்கல்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. உபுண்டு 2017இலேயே நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ஐ அத்தகைய கணினியில் புதிதாக நிறுவ இயலாது. ஆன்டிஎக்ஸ் இன்னும் கைகொடுக்கிறது. எதை ஏற்றினாலும், இக்காலத்து இணைய உலாவியே நினைவகத்தை அதிகம் விழுங்கும் என்பதை அறிந்து, ஒரே நேரத்தில் பத்துப் பக்கம் திறக்காமல் பழக வேண்டும்.

மூன்றாவது, அலுவலக வேலை. தோட்டக் கிராணி, கூட்டுறவுக் கடைக் கணக்கர், கோயில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர் ஆகியோருக்குக் கடிதம், கணக்கு அட்டவணை, அச்சு ஆகியவையே வேலை. லிப்ரே ஆபிஸ் அதற்குப் போதும். அதில் தமிழ் முகப்பும் உண்டு. ஆனால் தலைமை அலுவலகம் அனுப்பும் கோப்பு விண்டோஸ் செயலியில் மட்டுமே சரியாகத் திறக்கும் என்றால், அந்தக் கணினியில் விண்டோஸையே வைத்திருப்பதுதான் விவேகம். கொள்கைக்காக ஒருவர் சம்பளக் கணக்கைக் குழப்பிக்கொள்ள வேண்டுமா? வேண்டியதில்லை.

நான்காவது, கணினித் துறையில் மேற்படிப்புக்குப் போக விரும்பும் இடைநிலைப்பள்ளி மாணவர். இவருக்கு எளிமை மட்டும் போதாது. உள்ளே கைவிட்டுப் பார்க்கும் வசதி வேண்டும். டெபியன் நல்ல ஆசான். புதியவற்றை உடனுக்குடன் காண விரும்பினால், ரெட் ஹாட் மரபில் 2003இல் பிறந்த ஃபெடோரா உண்டு. ஆனால் அதன் ஒரு பதிப்புக்கு ஆதரவு ஏறக்குறைய பதின்மூன்று மாதமே. கற்பவருக்கு அது நன்மை. பள்ளி அறைக்கு அதுவே தொல்லை. மலிவு விலையில் பழைய கணினியும் திறந்த மூலமும் கிடைத்தால், தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் படிக்கும் மூலநிரல் ஒன்றே. அதில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பாகுபாடு இல்லை. இது சிறிய செய்தியன்று.

ஐந்தாவது, சேவையகம் நடத்துவோர். சங்கமோ நிறுவனமோ பல ஆண்டு ஓடவேண்டிய கணினியை நடத்தினால், பின்னால் நிற்பவர் யார் என்று பார்க்க வேண்டும். ரெட் ஹாட்டின் இலவச வடிவமாகப் பலர் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2029 வரை ஆதரவு என்றிருந்தது; 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பால் 2021 இறுதியோடு முடிந்தது. மூலநிரல் திறந்திருந்ததால் ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற இரண்டு அதன் இடத்தில் 2021இலேயே எழுந்தன. கதவு ஒன்று மூடியதும் மற்றொன்றைத் திறக்க முடிந்தது. விதைநெல் கையில் இருந்ததன் பயன் அது.

ஆறாவது, வயதானவர்கள். செய்தித்தாள் படிக்க, பாட்டுக் கேட்க, வெளியூரில் உள்ள பேரப்பிள்ளையின் முகம் பார்க்க ஒரு கணினி. இவர்களுக்குப் பெரிய எழுத்தும் மாறாத திரையும் வேண்டும். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை வைத்து, நான்கு பொத்தான்களை மட்டும் திரையில் விட்டு, மற்றவற்றை மறைத்துவிடலாம். புதுப்பித்துத் தரும் பொறுப்பை வீட்டில் ஒரு பிள்ளை ஏற்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் உடனே வன்தட்டில் ஏற்றிவிட வேண்டாம். முதலில் கோப்புகள் அனைத்தையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். பிறகு ஒரு யூ.எஸ்.பி. தண்டில் இயங்குதளத்தை எழுதி அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா? அச்சுப்பொறி பேசுகிறதா? ஒலி வருகிறதா? தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க முடிகிறதா? லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 கிடைக்கும். 2020 முதல் நம் பள்ளிகள் பயன்படுத்தும் டெலிமா கற்றல் தளம் உலாவியில் நன்றாகத் திறக்கிறதா? இந்த ஐந்துக்கும் ஆம் என்ற விடை வந்தபின்பு நிறுவுங்கள். பத்துக் கணினி இருந்தால் முதலில் இரண்டை மட்டும் மாற்றி ஒரு தவணை நடத்திப் பாருங்கள். தோட்டத்தில் புதுவகைக் கன்றை முதலில் சிறு பாத்தியில் வைத்துத்தானே பார்க்கிறார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்த மூலம் என்றால் செலவே இல்லை என்று நினைக்கக் கூடாது. உரிமக் கட்டணம் இல்லை. கற்றுக்கொள்ளும் நேரம் உண்டு. அந்த நேரத்தை ஓர் ஆசிரியர் மட்டும் சுமந்தால் அவர் போனவுடன் அறை பூட்டப்படும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகள் நான்கைந்து கூடி ஒரே இயங்குதளத்தைத் தேர்ந்துகொண்டால், ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் சொல்லித் தரலாம். பெஸ்தாரி ஜெயாவில் ஓர் அச்சுப்பொறி மக்கர் செய்தால் ஈஜோக்கில் உள்ளவர் தொலைபேசியில் வழிசொல்லலாம். அவரவர் விருப்பப்படி ஐந்து பள்ளியில் ஐந்து வகை வைப்பதைவிட, அவ்வளவு சிறப்பில்லாத ஒன்றானாலும் ஐவரும் அறிந்த ஒன்றை வைப்பது மேல். கேரளத்து ஆசிரியர்களிடம் நாம் கற்கத்தக்கது இதுவே.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன, லயங்கள் மறைகின்றன, பள்ளிகளும் இடம் மாறுகின்றன. போகிற இடத்துக்குப் பிள்ளைகள் கட்டடத்தையும் கணினியையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. எதையும் பிரித்துப் பார்த்து, தனக்கு எது பொருந்தும் என்று தானே எடைபோடும் பழக்கத்தைக் கொண்டு போக முடியும். ஒரு பழைய கணினியும் ஒரு யூ.எஸ்.பி. தண்டும் அந்தப் பழக்கத்தைக் கற்பிக்கப் போதும். வரும் பள்ளி விடுமுறையில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடி அமர்ந்து, மூலையில் கிடக்கும் கணினிகளில் ஒன்றைத் திறந்து பாருங்கள்.